எட்டாம் நிலையின் கூடுதல் பொறுப்பு

எடை அளவைத் துறையில் முப்பத்து நான்கு ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு நான் மூன்றாம் நிலை எழுத்தராக ஓய்வு பெற்றேன். ஆகவே என் முழங்காலும் மூன்றாம் நிலை முழங்கால்தான். இது நான் சொல்வதல்ல. எங்கள் துறையின் ஓய்வூதியர் உடல்நல நிலையம் வெளியிட்ட முதலாம் சுற்றறிக்கை, பத்தி நான்கு சொல்வது.

எனக்கு இருப்பது ஒரே அக்கா. அடுத்த தெருவில் நான்காம் மாடியில் குடியிருக்கிறாள். அந்தக் கட்டடத்தைக் கட்டியவர் லிஃப்டுக்கென்று குழி விட்டார், லிஃப்டை விடவில்லை. அக்காவுக்கு இடுப்பெலும்பு முறிந்து இரண்டு வருடம் ஆகிறது. அவளால் இறங்க முடியாது. அதே வருடம் என் வலது முழங்கால் மக்கர் செய்தது. என்னால் ஏற முடியாது. நடுவே எழுபத்திரண்டு படிகள். அவள் பால்கனியில், நான் தெருவில். இரண்டு வருடமாக எங்கள் குடும்ப விவகாரம் மொத்தமும் உரத்த குரலில்தான் நடந்தது. மருந்துச் சீட்டோ பத்திரிகையோ கொடுக்க வேண்டுமென்றால் கயிற்றில் கூடை இறங்கும். ரகசியம் கொடுக்க மட்டும் வழியில்லை.

"மலச்சிக்கல் எப்படிடா இருக்கு?" என்று நான்காம் மாடியிலிருந்து விசாரிப்பாள்.

தரைத்தளத்தில் கடை வைத்திருக்கும் தையல்காரர் உடனே மிஷினை நிறுத்திவிடுவார். பதில் சரியாகக் காதில் விழ வேண்டுமே. நான் தலையாட்டினால் போதாது, "வாயைத் திறந்து சொல்லுங்க சார், அக்கா கேக்குறாங்கல்ல" என்பார்.

ஒருநாள் அக்கா பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "டேய், பத்து வாரத்துல பெரியவன் வந்து என்னைக் கூட்டிக்கிட்டுப் போறான். அங்க வீட்டுல லிஃப்ட் இருக்காம். விமானத்துல ஏழு மணி நேரமாம்" என்றாள்.

தையல் மிஷின் நின்றது. நானும் கொஞ்சம் நின்றேன்.

"நாலு பேரைக் கூப்பிட்டு என்னை நாற்காலியோட மேல தூக்கிக்கிட்டு வரச் சொல்லட்டுமா அக்கா?"

"தூக்கிக்கிட்டு வர நீ என்ன பீரோவா? வர்றதா இருந்தா கால்ல வா. நாற்காலியில வந்தா கதவைத் திறக்க மாட்டேன்."

சொன்னால் செய்கிறவள். ஏற்கெனவே ஒரு முறை நான் வீரமாக ஏறப் போய், இரண்டாம் மாடித் திருப்பத்தில் முழங்கால் பூட்டிக்கொண்டு, தையல்காரரும் இன்னொருவரும் என்னைத் துணிக்கட்டு மாதிரி கீழே இறக்கினார்கள். அந்தக் காட்சியை அக்கா படிக்கட்டுக் கைப்பிடி வழியாக எட்டிப் பார்த்திருக்கிறாள். அதிலிருந்து இந்த நிபந்தனை.

முழங்காலைக் காட்டப் போன இடத்தில் பிசியோதெரபி டாக்டரம்மா அதைத் தட்டிப் பார்த்து, மடக்கிப் பார்த்து, காது வைத்துக் கேட்காத குறையாக ஆராய்ந்தார். "சார், மூட்டு ஒண்ணும் தேஞ்சு போகல. நல்லா தூங்குது. எலிப்டிகல் மெஷின்ல ஏறுங்க. முதல் வாரம் மூணாம் நிலை. அப்புறம் வாரத்துக்கு ஒண்ணு ஏத்துங்க. எட்டாம் நிலையில இருபது நிமிஷம் நிக்காம மிதிச்சுட்டீங்கன்னா எழுபத்திரண்டு படியும் உங்க சொத்து. அதுவரைக்கும் படிப்பக்கம் போகாதீங்க."

எலிப்டிகல் மெஷின் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. கால் வைக்க இரண்டு பலகைகள், கைக்கு இரண்டு நெடிய கம்பிகள். மிதித்தால் பலகைகள் முட்டை வடிவில் சுற்றும். நடப்பது போலவும் இருக்கும், படியேறுவது போலவும் இருக்கும். வியர்வை கொட்டும், மூச்சு வாங்கும், ஆனால் இருந்த இடத்தை விட்டு ஓர் அங்குலம் நகர முடியாது. எங்கள் துறையின் பணியனுபவம் உள்ளவர்களுக்கு இதில் தனிப் பயிற்சி தேவையில்லை.

ஊரில் அப்படிப்பட்ட எந்திரம் இரண்டே இரண்டு. ஒன்று ஆஸ்பத்திரியில், அதற்கு என் வரிசை எண் நூற்று நாற்பது. இன்னொன்று எங்கள் நிலையத்தில்.

நிலையத்தின் செயலாளர் துறையில் எட்டாம் நிலைக் கண்காணிப்பாளராக இருந்தவர். எதைக் கேட்டாலும் விதி எண்ணோடு உட்பிரிவும் சொல்வார் என்பதால் பணியில் இருந்தபோதே அவருக்கு 'உட்பிரிவு' என்று பெயர். எந்திரம் பெட்டியில் வந்து இறங்கிய அன்று, அதன் பளுவைக் கூட்டிக் குறைக்க இருபது நிலைகள் இருக்கின்றன என்று அவர் கையேட்டில் படித்தார். எங்கள் துறையில் பதவிகளும் இருபது நிலை. மனிதர் கண் கலங்கிவிட்டாராம். கையேட்டில் 'எதிர்ப்பு நிலை' என்று இருந்ததை, ஓய்வு பெற்ற பிறகு யாரும் எதிர்ப்புக் காட்டக் கூடாது என்று அடித்து, 'பளு நிலை' என்று திருத்திச் சுருக்கொப்பமும் போட்டார். பிறகு முதலாம் சுற்றறிக்கை பிறந்தது. ஓய்வு பெற்றபோது எவர் எந்த நிலையில் இருந்தாரோ, அவர் அதே நிலையில்தான் மிதிக்க வேண்டும். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. நிலைப் பொத்தானை அழுத்தும் அதிகாரம் செயலாளரின் ஆள்காட்டி விரலுக்கு மட்டும்.

பயிற்சித் திட்டங்களையும் அவர் விட்டுவைக்கவில்லை. பளு ஏறி ஏறி இறங்கும் 'மலை' திட்டம், பணிக்காலத்தில் மலைப்பகுதியில் வேலை பார்த்தவர்களுக்கு. அடுத்து என்ன செய்யும் என்று எந்திரத்துக்கே தெரியாத 'தற்செயல்' திட்டம், அடிக்கடி இடமாற்றம் வாங்கியவர்களுக்கு. ஒரு நிமிடம் வேகம், இரண்டு நிமிடம் மெதுவு என்று போகும் 'விட்டு விட்டு' திட்டம், பணிமுறிவு உள்ளவர்களுக்கு. ஒரே நாற்காலியில் வேரூன்றிய என் போன்றவர்களுக்குச் 'சமதளம்'.

விட்டு விட்டுப் போகிறவர்களில் எங்கள் பழைய டைப்பிஸ்ட் அம்மாவும் ஒருவர். "ரெண்டு பிள்ளை பெத்தேன், ரெண்டு பணிமுறிவு" என்பார், ஓடும் நிமிடத்தில் மூச்சிரைத்தபடி. "மூணாவது பெத்திருந்தா இந்தாளு மெஷின்லயே தொட்டில் கட்டியிருப்பாரு."

நான் முதல் வாரம் மூன்றாம் நிலையில் ஒழுங்காக மிதித்தேன். இரண்டாம் வாரம் தொடங்கிய அன்று டாக்டரம்மாவின் சீட்டைச் செயலாளர் மேசையில் வைத்தேன். அவர் அதை மூலையில் பிடித்துத் தூக்கிப் பார்த்தார்.

"இது என்ன?"

"டாக்டர் சீட்டு சார். நாலாம் நிலைக்கு ஏத்தணும். போகப் போக எட்டு வரைக்கும்."

"இந்த டாக்டர் எந்த நிலை?"

"அவங்க டாக்டர் சார்."

"அதைத்தான் கேக்குறேன். எட்டாம் நிலைக்குப் பரிந்துரை பண்ணணும்னா ஒன்பதாம் நிலைக்குக் குறையாத அதிகாரியா இருக்கணும். விதி பன்னிரண்டு, உட்பிரிவு இ."

"முழங்கால் கேக்குது சார்."

"கேக்கட்டும். அதுல தப்பில்லை. ஆனா உரிய வழியில கேக்கணும். முழங்கால் உங்ககிட்ட கேக்கணும், நீங்க என்கிட்ட கேக்கணும், நான் குழுகிட்ட வைக்கணும்."

"குழுவில யார் யார் சார்?"

"நான்."

"எப்ப சார் கூடும்?"

"உறுப்பினர்கள் எல்லாருக்கும் தோதான நாள் அமையணும்" என்று சொல்லிவிட்டு, நாட்காட்டியைப் புரட்டி உதட்டைப் பிதுக்கினார்.

அந்த வாரம்தான் நான் முதல் முறையாக ஐயா பயிற்சி செய்வதைப் பார்த்தேன். ஐயா எங்கள் துறையின் முன்னாள் இயக்குநர், இருபதாம் நிலை. காலை ஏழு மணிக்கு அவர் வந்தால் நிலையத்தில் எல்லோரும் எழுந்து நிற்போம். அவர் எந்திரத்தில் ஏறுவார். செயலாளர் இருபதை அழுத்துவார். அதன் பிறகு ஒன்றும் நடக்காது. இருபதாம் நிலையில் அந்தப் பலகையை அசைக்க இரண்டு எருமைகள் வேண்டும். ஐயா எழுபது வயதுக்காரர். கம்பிகளைப் பிடித்தபடி, முன்னே பார்த்தபடி, நாற்சந்திச் சிலையைப் போல நிற்பார். யாரும் மிதிக்காததால் எந்திரத்தின் திரை ஒரு நிமிடத்தில் அணைந்துவிடும். இருபது நிமிடம் முடிந்ததும் செயலாளர் துண்டை நீட்டுவார். வியர்க்காத நெற்றியை ஐயா துடைத்துக்கொள்வார். நாங்கள் கைதட்டுவோம்.

எட்டு மாதமாக இது நடந்திருக்கிறது. மூன்றாவது மாதம் செயலாளர் 'அசையாத தலைமை' என்று ஒரு சுற்றறிக்கையே விட்டிருந்தார்.

இதில் ஒரு சிக்கல் வந்தது. கீழ்நிலை ஊழியர் மேல்நிலை அதிகாரியைவிட அதிக தூரம் போகக் கூடாது என்று செயலாளர் விதி செய்திருந்தார். ஐயா போன தூரமோ பூஜ்யம் புள்ளி பூஜ்யம் பூஜ்யம். ஆக, மொத்த நிலையமும் பூஜ்யத்துக்குள் அடங்க வேண்டும். இரண்டு நாள் யோசித்து அவர் தூரம் காட்டும் இடத்தைக் காகிதம் ஒட்டி மூடச் செய்தார். காகிதத்தின் நான்கு மூலையிலும் அரக்கு. முத்திரை குத்த என்னைத்தான் கூப்பிட்டார். தராசுகளுக்கும் படிக்கற்களுக்கும் அரக்கு முத்திரை வைத்தே முப்பத்து நான்கு வருடம் ஓட்டியவன் நான். என்னை எல்லோரும் 'முத்திரை' என்றுதான் கூப்பிடுவார்கள். உருகிய அரக்கில் ஓங்கி ஒரு குத்து. பழைய கை, மறக்கவில்லை.

குழு கூடுவதாகக் காணோம். எனக்கோ வாரங்கள் கரைந்துகொண்டிருந்தன. அக்கா மேலிருந்து, "எத்தனாவது நிலைடா?" என்பாள். "மூணு." "இன்னுமா? பத்தாங்கிளாஸ்லயும் இப்படித்தான் நின்ன" என்பாள். தையல்காரர் எத்தனை முறை நின்றேன் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டார்.

மூன்றாம் வாரத்தில் ஒருநாள், மிதித்துக்கொண்டிருக்கும்போது என் கை தவறி ஒரு பொத்தானில் பட்டது. சரி, தவறவில்லை. அது 'இதயத்துடிப்பு' திட்டத்தின் பொத்தான். உள்ளங்கையில் நாடி பார்த்து, இதயம் சோம்பேறித்தனமாக இருந்தால் எந்திரம் தானே பளுவைக் கூட்டும். செயலாளர் அதை யாருக்கும் ஒதுக்கியிருக்கவில்லை. எந்திரம் என் நாடியைப் பார்த்தது. முப்பத்து நான்கு வருட அலுவலக நாடி. உடனே நான்குக்கு ஏற்றியது. மூன்று நிமிடம் கழித்து ஐந்து. பணிக்காலம் முழுக்கக் கிடைக்காத இரண்டு பதவி உயர்வு மூன்றே நிமிடத்தில் கிடைத்தது.

டைப்பிஸ்ட் அம்மா கைதட்டிவிட்டார். அதுதான் வினையாகப் போனது. செயலாளர் ஓடி வந்து திரையைப் பார்த்து வெலவெலத்துப் போனார்.

மறுநாள் எனக்கு மெமோ. 'தகுதியற்ற நிலையை அனுமதியின்றி ஏழு நிமிடங்கள் வகித்தது ஏன்?' நான் பதில் எழுதினேன்: 'பதவி உயர்வை நான் கேட்டுப் பெறவில்லை. கொடுத்ததை மறுத்துப் பழக்கமில்லை, இதுவரை யாரும் கொடுக்காததால்.' எந்திரத்துக்கும் தனியாக ஒரு மெமோ. அதை அதன் கம்பியிலேயே ஒட்டினார். எந்திரம் பதில் தரவில்லை. மின்கம்பியைப் பிடுங்கி, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி, மூன்று நாள் தற்காலிகப் பணிநீக்கத்தில் வைத்தார். நான்காம் நாள், அதன் மௌனத்தைக் குற்ற ஒப்புதலாக எடுத்துக்கொண்டு, எச்சரித்துப் பணியில் சேர்த்தார். இதயத்துடிப்புப் பொத்தானுக்கும் அரக்கு வைக்கச் சொல்லி என்னையே கூப்பிட்டார். என் இதயத்துக்கு நானே முத்திரை வைத்தேன்.

மூன்று வாரம் போயிற்று. டாக்டரம்மா கணக்குப்படி எட்டை எட்ட இன்னும் ஐந்து வாரம் வேண்டும். அக்காவுக்கு மிச்சமிருந்தது ஏழு.

அன்று செருப்பு வைக்கும் அறையில் உட்கார்ந்து ஷூ கயிற்றைக் கட்டாமல் வெறித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் யாரோ பெருமூச்சு விட்டார்கள். பார்த்தால் ஐயா. எழப் போனேன், தோளை அழுத்தி உட்கார வைத்தார்.

"முத்திரை, உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். சிரிக்கக் கூடாது."

"கேளுங்கய்யா."

"அந்தப் பலகை நெசமாவே நகருமா?"

"நகரும்யா. மூணாம் நிலையில வெண்ணெய் மாதிரி போகும்."

அவர் தன் ஷூவைத் தரையில் முன்னும் பின்னும் தேய்த்துப் பார்த்தார். "ரத்தக்கொதிப்புக்கு டாக்டர் என்னை லேசா நடக்கச் சொன்னார். எட்டு மாசமா நிக்கிறேன். நம்ம துறைத் தராசுல ஏறிப் பார்த்தேன், நாலு கிலோ கூடியிருக்கு. நம்ம முத்திரை வெச்ச தராசு, அதைச் சந்தேகப்படவும் முடியல."

"செயலாளர்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா குறைச்சு வைப்பாரேய்யா."

"எப்படிச் சொல்றது? 'அசையாத தலைமை'ன்னு ஊர் பூரா தாள் ஒட்டிட்டாரு. இப்பப் போய் ரெண்டாம் நிலை குடுன்னா என் மரியாதை என்னாகும்? என் சம்சாரமே அந்தத் தாளைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கா."

ஷூ அலமாரிக்குப் பின்னாலிருந்து டைப்பிஸ்ட் அம்மாவின் தலை வந்தது. "குறுக்கே பேசுறதுக்கு மன்னிக்கணும்யா. உங்களைக் கீழ இறக்க விதி கிடையாது. ஆனா கீழ ஒரு இடம் காலியானா, மேல இருக்கிறவங்க அதைக் கூடுதல் பொறுப்பா பார்த்துக்கலாம்ல? நம்ம ஆபீஸ்ல பார்க்காததா?"

ஐயா நிமிர்ந்தார். அந்த நிமிர்வில் பழைய இயக்குநர் தெரிந்தார்.

"முத்திரை லீவு போட்டா மூணாம் நிலை காலி" என்றார் அம்மா. "அதை நீங்க நேரடிப் பார்வையில வெச்சுக்கலாம்."

"அப்ப நான் எங்க போறது?" என்றேன்.

"எட்டாம் நிலைக்கு."

"அது யாரோட இடம்மா?"

"நம்ம உட்பிரிவோட இடம். அந்தாளு இந்த நிலையம் திறந்த நாள்ல இருந்து ஒரு தடவை மெஷின்ல கால் வெச்சிருக்காரா? எட்டாம் நிலை எட்டு மாசமா காலியாக் கிடக்கு. ஆளில்லாத இடத்துக்குப் பொறுப்பு போடலாம். எட்டுக்குப் பொறுப்புன்னா எட்டு வரைக்கும் பொறுப்பு. நாலுல ஆரம்பிச்சு படிப்படியா ஏறிக்க வேண்டியதுதான்."

அன்று மாலையே ஆணை தயார். 'பார்வையில் காணும் கடிதம்' என்று தொடங்கி, 'மேற்படி நிலை மேற்படியாரால் மேற்படி காரணத்தால் வகிக்கப்படாத நிலையில்' என்று நீண்டு, ஐயாவின் பச்சை மையில் முடிந்தது. அப்படியொரு வாக்கியத்தை நான் ஓய்வு பெற்ற பின் படித்ததில்லை. நாக்கில் தேன் தடவியது போல இருந்தது.

செயலாளர் ஆணையை மூன்று முறை படித்தார். தப்புக் கண்டுபிடிக்க முடியவில்லை. அந்த வலி முகத்தில் தெரிந்தது. "நாலு, அஞ்சு, ஆறு, ஏழு, அதெல்லாம் சரி" என்றார் கடைசியில். "ஆனா எட்டு என் நாற்காலி. அதை ஞாபகம் வெச்சுக்குங்க."

மறுநாள் காலை ஐயா மூன்றாம் நிலையைத் தம் நேரடிப் பார்வையில் எடுத்துக்கொண்டார். எந்திரத்தில் ஏறினார். பலகை வழுக்கிக்கொண்டு முன்னே போனது. அவர் பயந்து கம்பியை இறுகப் பிடித்தார். இன்னொரு சுற்று. அணைந்தே பழகிய திரை எரிந்தது.

"நகருதுய்யா" என்றார், மெதுவாக, எங்களுக்குச் சொல்வது போலவும் இல்லாமல். இருபது நிமிடம் முடிந்தும் இறங்க மறுத்துவிட்டார். மூன்றாம் நிலையில் கோப்புகள் நிறையத் தேங்கியிருப்பதாகச் சொல்லி இன்னும் பத்து நிமிடம் பார்வையிட்டார்.

நான் நான்காம் நிலை, ஐந்து, ஆறு என்று வாரம் ஒன்றாக ஏறினேன். ஆறாம் நிலையில் என் முழங்கால் ஒருநாள் 'களுக்' என்றது. பயந்து டாக்டரம்மாவிடம் ஓடினேன். "முழிச்சுக்கிச்சு, அவ்வளவுதான்" என்றார். ஏழாம் நிலையில் சட்டையைப் பிழிந்தால் ஒரு குவளை தேறும். அக்கா மேலிருந்து, "இளைச்சுட்டியேடா, பாக்கச் சகிக்கல. மேல வா, ஏதாவது தின்னு" என்றாள். "வந்துக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றேன்.

எட்டாம் வாரத்தின் கடைசி நாள், எட்டாம் நிலை நாள். நான் போனபோது எந்திரத்தின் பக்கத்தில் செயலாளர் நின்றிருந்தார். காலில் பளபளவென்று புது ஷூ. விலைச்சீட்டு கூட நீக்கவில்லை. கையில் ஒரு தாள்.

"பணியில் மீண்டும் சேர்கிறேன்" என்று அறிவித்தார். "என் நிலையை நானே வகிக்கும்போது கூடுதல் பொறுப்பு ரத்தாகும். அதுக்கு முன்னாடி ரெண்டு வார்த்தை."

ஐயா உட்பட எல்லோரும் கூடிவிட்டோம். செயலாளர் தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

"நண்பர்களே, இந்த நிலையத்தை நான் எதுக்காக நடத்துறேன்? உங்க உடம்பு நல்லா இருக்கணும்னா? அது உங்க சொந்த விஷயம். அதுல நான் தலையிட்டதில்லை. யார் எங்க நிக்கணுமோ அங்க நிக்கணும், அதுக்காகத்தான். ஓய்வு பெற்ற அடுத்த நாள் கடைத்தெருவுல ஒரு பியூன் எனக்குப் பக்கத்துல அதே வரிசையில நின்னான். வணக்கமும் சொல்லல. அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. இந்த எந்திரம் வந்த பிறகுதான் நிம்மதியா தூங்குறேன். நான் ஒருநாள்கூட இதுல ஏறினதில்லை. அதனாலதான் என்னால பாரபட்சம் இல்லாம விதியை அமல்படுத்த முடிஞ்சுது. மூச்சு வாங்குறவனுக்கு நியாயம் தெரியாது. இன்னிக்கு என் நாற்காலிக்கு ஆபத்துன்னு வந்ததால ஏறுறேன்."

ஏறினார். தம் ஆள்காட்டி விரலாலேயே எட்டை அழுத்தினார். ஒரு சுற்று போனது. இரண்டு போனது. மூன்றாம் சுற்றில் முகம் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்தது. நாற்பதாவது வினாடியில் ஒரு கால் மேலேயும் ஒரு கால் கீழேயுமாகப் பலகை நின்றுவிட்டது. மனிதரும் நின்றுவிட்டார்.

"இறங்கிடுங்க சார்" என்றேன்.

"இறங்கக் கூடாது" என்றார் மூச்சுக்கு நடுவே. "இருபது நிமிஷம் முடியுறதுக்கு முன்னாடி இறங்கினா பணியை விட்டு ஓடினதா அர்த்தம். விதி ஒன்பது, உட்பிரிவு..."

எந்த உட்பிரிவு என்று சொல்ல மூச்சு இல்லை. நான் அவரைப் பார்த்த இத்தனை வருடத்தில் உட்பிரிவு இல்லாமல் ஒரு விதி அன்றுதான் அவர் வாயிலிருந்து வந்தது.

"லீவு போடலாமே" என்றார் டைப்பிஸ்ட் அம்மா.

"மேல... இருந்துக்கிட்டேவா?"

"போடலாம்" என்றார் ஐயா கம்பீரமாக. "நான் இங்கேயேதானே இருக்கேன்."

அம்மா தாளை நீட்டினார். செயலாளர் எந்திரத்தின் திரைமேல் வைத்து மருத்துவ விடுப்பு விண்ணப்பத்தைத் தாமே எழுதினார். அந்த நிலையிலும் இடப்பக்கம் விளிம்பு விட்டு எழுதினார் என்பதைச் சொல்லியாக வேண்டும். ஐயா பச்சை மையில் 'அனுமதிக்கப்பட்டது' என்று போட்டார். தையல்காரர் என்னை இறக்கிய அதே முறையில், நானும் அவரைத் துணிக்கட்டு மாதிரி இறக்கினேன்.

பிறகு நான் ஏறினேன். எட்டாம் நிலை. இருபது நிமிடம். பத்தாம் நிமிடத்தில் கண்முன் பூச்சி பறந்தது. பதினைந்தில் அதுவும் களைத்துப் போய் உட்கார்ந்துவிட்டது. இருபதாம் நிமிடம் முடிந்து இறங்கியபோது ஐயா எனக்குத் துண்டை நீட்டினார். என் நெற்றியில் துடைக்க நிறைய இருந்தது.

மூன்று நாள் கழித்து அக்கா வீட்டுப் படியில் கால் வைத்தேன். தையல்காரர் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு என் பின்னாலேயே எண்ணிக்கொண்டு வந்தார். இரண்டாம் மாடித் திருப்பத்தில் நான் நின்றேன். அவரும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார். முழங்கால் ஒன்றும் சொல்லவில்லை. அறுபது. எழுபது. எழுபத்திரண்டு.

அக்கா கதவைத் திறந்தாள். இரண்டு வருடமாகத் தலை உச்சியை மட்டுமே பார்த்த தம்பியை நேருக்கு நேர் பார்த்தாள்.

"மேல இருந்து பாக்கும்போது வழுக்கை மட்டும்தான் தெரிஞ்சுது, மூஞ்சி இவ்வளவு கெழடாயிட்டது தெரியலையே" என்றாள். பிறகு என் காதைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

சோபாவில் எதிரெதிரே உட்கார்ந்தோம். பழக்கதோஷம், இரண்டு பேரும் கத்தித்தான் பேசினோம். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து சண்டையா என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். மகன் வர இன்னும் பதினொரு நாள் இருந்தது. பதினொரு நாளும் ஏறினேன்.

நான்காம் நாள், நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போது கீழே தெருவிலிருந்து ஒரு குரல். பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தோம். செயலாளர். ஊன்றுகோலோடு, இரண்டு முழங்காலிலும் கட்டோடு, கையில் ஒரு மெமோவோடு அண்ணாந்து நின்றார்.

"துறைக் கட்டட ஒதுக்கீட்டு விதிப்படி" என்று கத்தினார், "மூன்றாம் நிலை ஊழியர் முதல் மாடிக்கு மேல் போகக் கூடாது. நாலாம் மாடி இயக்குநர் மாடி. அனுமதியில்லாமல் ஏறியது ஏன்? கீழ வந்து கையெழுத்துப் போட்டு மெமோவை வாங்கிக்குங்க."

"மேல வந்து குடுங்க சார்" என்றேன்.

அவர் படிக்கட்டைப் பார்த்தார். தம் முழங்கால்களைப் பார்த்தார். "நான் மருத்துவ விடுப்புல இருக்கேன்" என்றார்.

அக்கா என்னைத் தள்ளிவிட்டுக் கம்பியைப் பிடித்தாள். "அவனுக்கு மேலதிகாரி நான்தான். நான் அஞ்சு வயசு மூத்தவ. வரச் சொன்னது நான். எழுதிக்க."

"நீங்க எந்த நிலை?"

அக்கா அவரை மேலிருந்து கீழ்வரை நிதானமாக அளந்தாள். கட்டுப் போட்ட முழங்கால், இறுகிய முகம், கடித்த பல். பிறகு கூடையை அவிழ்த்து, கயிற்றை மெல்ல மெல்ல அவர் தலைக்கு நேரே இறக்கியபடி, இரண்டு வருடமாக இந்தத் தெரு கேட்டுப் பழகிய அதே குரலில் கேட்டாள்.

"ஏம்ப்பா, உனக்கு மலச்சிக்கல் எப்படி இருக்கு?"

கீழே தையல் மிஷின் நின்றது.